படிப்பாயசமும் அண்டத்தின் மௌனமும்: ஆய்க்குடித் தட்டட்டியிலிருந்து ஒரு முன்னாய்வு

அண்டத்தில் இத்தனை விண்மீன்கள் இருந்தும் ஒருத்தரும் நம்மை வந்து எட்டிப்பார்க்கவில்லையே, எல்லாரும் எங்கே என்று என்ரிகோ ஃபெர்மி கேட்டது 1950இல், லாஸ் அலமோஸில், மதியச் சாப்பாட்டு மேசையில். கேள்வி பிறந்தது சோற்று வேளையில் என்பதை முந்தைய ஆய்வாளர்கள் பொருட்படுத்தவில்லை. இக்கட்டுரை அக்குறையைப் போக்க முயல்கிறது.

ஆய்க்குடி பாலசுப்பிரமணிய சுவாமி கோயிலில் நேர்ந்துகொண்டவர்கள் அனுமன் நதிப் படிக்கட்டில் பாயசத்தை ஊற்றுவார்கள்; பிள்ளைகள் அதைக் கையால் வழித்துச் சாப்பிடும். இதற்குப் படிப்பாயசம் என்று பெயர். ரேடியோ அலை எதுவும் அனுப்புவதில்லை. ஆனாலும் அண்டா இறங்கிய நிமிடத்தில் பிள்ளைகள் எங்கிருந்தோ முளைத்துவிடுகின்றன.

1974இல் அரெசிபோ தொலைநோக்கியிலிருந்து எம்13 விண்மீன் கூட்டத்துக்கு அனுப்பிய செய்தியை இதனோடு ஒப்பிடுக. மொத்தம் 1679 பிட். அதில் எண்கள் உண்டு, டி.என்.ஏ. உண்டு, மனிதனின் உயரமும் உலகின் மக்கள்தொகையும் உண்டு. சாப்பாட்டைப் பற்றி ஒரு பிட்கூட இல்லை. தலைக்கட்டுக் கணக்கை மட்டும் எழுதிப் பத்திரிகை அனுப்பினால் எவன் பந்திக்கு வருவான்? போய்ச்சேரவே 25,000 ஆண்டு ஆகும் என்பது தனி வருத்தம்.

வானத்திலிருந்து யாராவது வருகிறார்களா என்று தட்டட்டியில் நடத்திய கள ஆய்வுக்கான கருவிகள்: பைனாகுலர், ஜமுக்காளம், குடை. சீசன் மாதங்களில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேகம் இறங்கிவிடுவதால் மூன்றாவது கருவியே அதிகம் பயன்பட்டது. ஓர் இரவு சிவப்பொளி ஒன்று விட்டுவிட்டு மின்னியது. 1977 ஆகஸ்ட் 15 அன்று ஓஹையோவில் 72 விநாடி பதிவான சமிக்ஞையின் அச்சுத்தாள் ஓரத்தில் ஜெரி எஹ்மன் 'வாவ்!' என்று எழுதியதுபோல நானும் குறிப்பேட்டில் 'ஏயப்பா!' என்று எழுதிவிட்டேன். விடிந்து பார்த்தால் காற்றாலை விளக்கு. ஆச்சியின் அறிவியல் நிலைப்பாடு இது: "வாறவன் சாரல் நின்ன பொறவு வருவாம்ல. நீ கீழ எறங்கு, தோசை ஆறுது."

மலைக்கு அந்தப்பக்கக் கதை இன்னும் கனமானது. 2001 ஜூலை 25இல் தொடங்கி, கோட்டயம் பகுதியில் சிவப்பு மழை பெய்தது. அதிலிருந்த துகள்கள் விண்ணிலிருந்து வந்த உயிரணுக்களாக இருக்கலாம் என்று காட்ஃப்ரே லூயிஸும் சந்தோஷ் குமாரும் எழுதினார்கள். 2006இல் ஆய்விதழிலும் அது அச்சேறியது. ஆனால் பாலோடு தாவரவியல் பூங்காவின் ஆய்வாளர்கள் 2001லேயே அதை வளர்த்துப் பார்த்திருந்தார்கள். வளர்ந்தது டிரென்டிபோலியா, மரப்பட்டையில் படரும் பாசி. அங்கே கொட்டும் அதே பருவமழையின் மிச்சம்தானே நமக்குச் சாரல்? எனவே ஐந்து சீசனாகத் தட்டட்டியில் வெள்ளை வேட்டி விரித்துவைத்தேன்.

விழுந்தவை: வேப்பம்பழம், காக்கை எச்சம், ஒரு ரப்பர் பந்து. பந்தைக் கேட்டு ஏறிவந்த பையன் ஒருவனே இதுவரை பதிவான தொடர்பு. அவன் முழங்கைவரை பாயசம் காய்ந்திருந்தது.