பொய்நோயாளர் வகைமை

நோயாளர் இருவகையர்: மெய்நோயாளர், பொய்நோயாளர். மெய்நோயாளர் களுபோவில ஆஸ்பத்திரியிலும் கொழும்புப் பெரியாஸ்பத்திரியிலும் வேண்டிய அளவு கிடைப்பர். பொய்நோயாளர், தாதிய மாணவியர் பேசிப் பழகுவதற்கென்றே படுக்கவைக்கப்படுபவர். முன்னவரிடம் தவறாகப் பேசினால் அவர் மனம் நொந்து, அதையும் சொல்லாமல் கிடப்பார். பின்னவர் எழுந்து உட்கார்ந்து, எந்தச் சொல் நோகச் செய்தது என்று எடுத்துச் சொல்வார். ஆதலின் கற்பிப்பதற்குப் பொய்யே சிறந்தது என்க.

முதல் வகை: வாய் திறவாதார்

இவர்களுள் மூத்தவர் திருமதி சேஸ். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் ஆஸ்பத்திரித் தாதியர் பள்ளிக்காக, பொம்மை செய்யும் மார்த்தா சேஸ் 1911இல் உருவாக்கிக் கொடுத்த ஆளுயரப் பொம்மை. இளையவர் ஆன், நோர்வேயின் விளையாட்டுப் பொருள் உற்பத்தியாளர் ஆஸ்முண்ட் லேர்டால் 1960இல் வெளியிட்டவர். இவ்வகையாரைப் புரட்டலாம், துடைக்கலாம், மூச்சு ஊதலாம். எப்படிப் பேசினாலும் கோபிக்கமாட்டார், அதுவே குறை.

இக்காலப் பொம்மைகள் பேசுமே என்பாரும் உளர். பேசுவது பெரும்பாலும் கண்ணாடிக்குப் பின்னால் மைக்கோடு இருக்கும் விரிவுரையாளர். ஆகவே அவரை அடுத்த வகையில் அடக்குக.

இரண்டாம் வகை: வாய் திறப்பார்

1963இல் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ், நோயில்லாத ஒருவருக்கு நோயாளியாக நடிக்கப் பழக்கி மாணவர் முன் கொண்டுவந்தார். ஹாலிவூட்டுக்குப் பக்கத்து ஊர் என்பதால் இதைக் கூத்து என்றோரும் இருந்தனர். 1975இல் ஸ்கொட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன், மணி அடித்ததும் மாணவர் மேசை மேசையாக நகரும் பரீட்சை முறையை வெளியிட்டார். அதன்பின் கூத்துக்குப் புள்ளியும் உண்டாயிற்று.

கொழும்புக்கு ஏற்ப எழுதினால் இவ்வகை மூன்றாக விரியும்.

ஒண்டுமில்லையார்: வெள்ளவத்தை மாடிவீட்டில் வாழும் ஓய்வுபெற்ற ரீச்சர் இதற்கு எடுத்துக்காட்டு. நெஞ்சு மூன்று நாளாக இறுக்குகிறது. கேட்டால், "ஒண்டுமில்லை பிள்ளை, கொஞ்சம் களைப்பு" என்பார். இவர் உட்பிரிவு இரண்டு: மிஸ்ஸுக்கு, அதாவது தாதிக்கு, வேலை வைக்கக் கூடாது என்பவர், வாட்டில் மறித்துவிடுவார்கள் என்று அஞ்சுபவர். முன்னவருக்கு மரியாதை கொடுத்தால் போதும். பின்னவருக்கு அச்சத்தைப் போக்க வேண்டும். இரண்டையும் ஒரே புன்னகையால் தீர்க்கப் பார்ப்பவள் தோற்பாள்.

முழுக்கதையார்: கொட்டாஞ்சேனை ஐயா. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய காலத்தில் தொடங்கி மருமகள் சமையல் வரை வருவார். கறுப்பாக மலம் போனது என்ற ஒரு சேதியை, மாணவி ஃபைலை மூடும்போதுதான் சொல்வார். கதையை வெட்டினால் அது வராது. வெட்டாவிட்டால் மணி அடித்துவிடும்.

ஓம்மிஸ்ஸார்: எதற்கும் "ஓம் மிஸ்" என்பார். குளிசையைச் சாப்பாட்டுக்கு முன் போட வேண்டுமா? ஓம். பின்னா? அதற்கும் ஓம். "விளங்கிச்சா?" என்று இவரிடம் கேட்பது வீண். "வீட்டை போய் எப்பிடிப் போடுவீங்கள், ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்" என்பதே இவருக்கு மருந்து.

மூன்றாம் வகை: இடையாள்

உலக நூல்களில் கட்டிலோரக் காட்சி பெரும்பாலும் இருவர் நாடகமாகவே வரும். கொழும்பு வாட்டில் மூன்றாமவர் நிற்பார். தமிழ் மட்டும் தெரிந்த அம்மா, சிங்களம் மட்டும் தெரிந்த மிஸ், நடுவில் இரண்டும் தெரிந்த யாரோ. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாயிற்று. வாட்டிலோ இன்னும் மகனே மொழிபெயர்ப்புத் திணைக்களம்.

இடையாள் நால்வகையர். அம்மா நெடுநேரம் சொன்னதை மூன்று சொல்லில் முடிப்பவர் சுருக்குவார். கேட்காத கேள்விக்கும் பதில் சேர்ப்பவர் கூட்டுவார். "அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ" என்று நோயின் பெயரையே விழுங்குபவர் மறைப்பார். டொரொன்டோவிலிருந்து வாட்ஸ்அப்பில் தோன்றி, இரத்தப் பரிசோதனை முடிவைக் கமராவுக்குக் காட்டச் சொல்பவர் கடல்கடந்தார்.

இந்நால்வருள்ளும் அடங்காதவன் ஒருவன் உண்டு: பத்து வயதுப் பையன். தாய்க்கு மாதவிடாய்க்குப் புறம்பாக இரத்தம் போகிறது. மிஸ் அவனிடம் கேட்கச் சொல்கிறார். அவன் வெட்கப்படுவான், தாய் பொய் சொல்வாள், நோய்விவரம் எழுதும் டிக்கட்டில் அந்தப் பொய்யே ஏறும். அங்கே மொழிபெயர்ப்பு எவ்வளவு திறமாக இருந்தாலும் பயனில்லை. பையனை வெளியே அனுப்பிவிட்டு, தமிழ் தெரிந்த ஒரு பெண்ணைக் கூப்பிடத் தோன்றுகிறதா என்பதே சோதனை. மட்டக்களப்பிலிருந்து வந்த தமிழ் மாணவிக்கு முன்னால் ஒரு சிங்கள ஆச்சியையும் அவரது பேரனையும் நிறுத்தினாலும் சோதனை இதுவே.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன் இடையாளை ஒழிக்கும் வழியை எடுத்தார்: தமிழைக் கற்று, மானிப்பாயில் மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். அது நெடுவழி. பயிற்சியறைக்கு உரியது குறுவழி: இடையாளையும் நடிக்கவைத்துப் பழகுதல்.

புறநடை

இவ்வளவும் வகுத்தபின் மாணவியரையும் வகுக்க வேண்டும். அதற்குக் கண் எங்கே போகிறது என்று பார்த்தால் போதும். ஃபைலைப் பார்த்துப் பேசுபவள் கடை. இடையாளைப் பார்த்துப் பேசுபவள் இடை. நல்ல பிள்ளைகளில் பலர் இங்கேதான் நிற்பர், ஏனெனில் பதில் வரும் பக்கம் முகம் திரும்புவது இயல்பு. மகன் பேசும்போதும் அம்மாவைப் பார்த்திருந்து, அவர் முகம் சொன்னதும் மகன் வாய் சொன்னதும் ஒத்துவராதபோது "இன்னொருக்காக் கேளுங்கோ" என்பவள் தலை.

காட்சி முடிந்ததும் அம்மாவாக நடித்தவரிடமே கேட்க வேண்டும்: "இந்த அறையில் நீங்கள் இருந்ததாக உணர்ந்தீர்களா?" அவர் பதிலே புள்ளி.

இதற்கு ஆகும் செலவையும் வகுத்தேன். பொம்மை வாங்கக் கேள்விப்பத்திரம் கோர வேண்டும், டொலர் வேண்டும், உதிரிப்பாகத்துக்குக் காத்திருக்க வேண்டும். இடையாளுக்கு வேண்டியது கட்டிலோரம் ஒரு கதிரையும், பிழையாக மொழிபெயர்க்கச் சம்மதிக்கும் ஒரு மனிதருமே. பின்னதற்குக் கொழும்பில் பஞ்சமே இல்லை என்க.