வேலைக்கும் ஒரு பயிற்சி கொடுங்கள்

பெறுநர்: திறன் மேம்பாடு மற்றும் தொழில்முனைவு அமைச்சகம், இந்திய அரசு, புது தில்லி.

பொருள்: இளைஞர்களுக்கு அளித்த பயிற்சி போதும், இனி வேலைகளுக்குப் பயிற்சி அளிக்கக் கோருதல் தொடர்பாக.

பார்வை: 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை.



முதலில் பாராட்டுகள். 2015 ஜூலையில் பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கி, 2022 வரை மூன்று கட்டங்களாக நடத்தினீர்கள். ஒதுக்கீடு சுமார் 14,450 கோடி ரூபாய், இலக்கு 1.32 கோடிப் பேர். தேறியவர்களின் வங்கிக் கணக்கில் ஆளுக்கு 500 ரூபாய் ஊக்கத்தொகை போடுவதாகவும் சொல்லியிருந்தீர்கள். தணிக்கையாளர்கள் அந்தக் கணக்குகளைத் தேடிப் போனார்கள். ஆராய்ந்த 95.9 லட்சம் பதிவுகளில் 94.53 விழுக்காட்டில் கணக்கு எண் இருக்க வேண்டிய இடம் காலியாகவோ சுழியமாகவோ கிடந்தது. மிச்சத்தில் ஒரே எண் பலருக்குச் சொந்தமாக இருந்தது. ஒன்று என்ற இலக்கத்தையே வரிசையாக அடித்துவிட்டுப் போன பதிவுகளும் உண்டு. கணக்கு எண் கட்டாயம் என்பதைப் பிறகு தளர்த்திவிட்டோம், ஆதார் வழியே பணம் அனுப்ப ஏற்பாடு செய்தோம் என்று விளக்கம் தந்திருக்கிறீர்கள். அப்படியும் லட்சக்கணக்கானோருக்கு அந்த 500 போய்ச் சேரவில்லை. உங்கள் பாடப்பிரிவுகளில் கணினியில் தரவு பதியும் பயிற்சியும் ஒன்று. பதிவேட்டை நிரப்பியவர்கள் முதலில் அதில் சேர்ந்து தேறியிருக்கலாம்.

ஆனால் இந்த மடல் முறைகேட்டைப் பற்றியது இல்லை. முறைகேடு செய்தவரைப் பிடித்து உள்ளே போடலாம். தவறான நோய்க்கணிப்பை எந்தக் காவல் நிலையத்தில் புகார் செய்வது? அத்தனை பதிவுகளும் சுத்தமாக இருந்தன, அத்தனை மையங்களும் ஒழுங்காக நடந்தன என்றே வைத்துக்கொள்வோம். குறுகிய காலப் பயிற்சியிலும் சிறப்புத் திட்டங்களிலும் சான்றிதழ் வாங்கியோர் சுமார் 56 லட்சம். வேலையில் அமர்ந்தோர் 23 லட்சம் சொச்சம், அதாவது 41 விழுக்காடு. பத்தில் நான்கு பேருக்கு வேலை கிடைத்ததே, அது சாதனை இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். சாதனை என்றே நீங்களும் நினைத்திருந்தால் அடுத்த தேர்விலும் அதே பாடத்தை எழுதியிருப்பீர்கள். நான்காம் கட்டத்தில் நீங்கள் செய்ததோ வேறு. வேலையில் அமர்த்துவதையே திட்டத்திலிருந்து கழற்றிவிட்டீர்கள். பயிற்சி பெற்றவர் தமக்குப் பிடித்த பாதையைத் தாமே தேர்ந்துகொள்ள வலுவூட்டுவதுதான் இப்போதைய நோக்கமாம். ஃபெயிலான பாடத்தை மதிப்பெண் பட்டியலிலிருந்தே நீக்கிக்கொள்ளும் உரிமை நம் பிள்ளைகளுக்கும் இருந்திருந்தால் நாட்டில் எல்லாருமே முதல் வகுப்புதான்.

உங்கள் நோய்க்கணிப்புக்கு வருகிறேன். வேலை இருக்கிறது, அதைச் செய்யும் திறன் இளைஞரிடம் இல்லை. ஆகவே திறனைக் கொடுத்தால் வேலை தானே வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது உங்கள் நம்பிக்கை. இது உங்களோடு பிறந்ததும் இல்லை. 2022க்குள் 50 கோடிப் பேருக்குத் திறன் ஊட்டுவோம் என்று 2009லேயே முந்தைய அரசு கொள்கை எழுதி வைத்தது. ஆட்சி மாறியது, இலக்கு கொஞ்சம் குறைந்தது, நம்பிக்கை அப்படியே இருக்கிறது. ஆனால் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையைப் பாருங்கள். 2022 நிலவரப்படி பட்டதாரி இளைஞர்களில் 29.1 விழுக்காட்டினருக்கு வேலையில்லை. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடையே அது 3.4 விழுக்காடுதான். எழுத்தறியாதவருக்கு வேலை குவிந்து கிடக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. சும்மா இருக்க அவருக்கு வசதியில்லை. கிடைத்த கூலிக்குக் கிடைத்ததைச் செய்கிறார். படிக்க வைத்த குடும்பம் சற்றுக் காத்திருக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் திறனின்மைதான் நோய் என்றால், கல்வி ஏற ஏற வேலையின்மையும் ஏறுவதை எப்படி விளக்குவீர்கள்?

பட்டம் வெறும் காகிதம், தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று தொழிலதிபர்களே புலம்புகிறார்களே என்பீர்கள். நம் கல்லூரிகள் பலவற்றின் லட்சணத்தைப் பார்த்தால் இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் சந்தைக்குப் போகும் எவருக்கும் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. தக்காளிக்குத் தட்டுப்பாடு வந்தால் தக்காளி விலை ஏறும். திறனாளருக்குத் தட்டுப்பாடு என்றால் திறனாளரின் ஊதியம் ஏற வேண்டும். 2012க்குப் பிந்தைய பத்தாண்டில் மாதச் சம்பளக்காரர்களின் உண்மை ஊதியம், அதாவது விலைவாசி உயர்வைக் கழித்த ஊதியம், தேங்கியோ சரிந்தோதான் இருந்தது என்கிறது அதே அறிக்கை. விலை ஏறாத தட்டுப்பாடு என்று பொருளாதாரத்தில் ஒன்று கிடையாது. ஆள் கிடைக்கவில்லை என்பவர் பெரும்பாலும் சொல்ல வருவது, ‘இந்தச் சம்பளத்துக்கு ஆள் கிடைக்கவில்லை’ என்பதைத்தான்.

ஐயம் இருந்தால் உங்கள் அண்டை அமைச்சகத்தைக் கேளுங்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமரின் உள்ளகப் பயிற்சித் திட்டத்தில், பெரிய நிறுவனங்கள் முதல் சுற்றில் 1.27 லட்சம் இடங்களை அறிவித்தன. உதவித்தொகை மாதம் 5,000 ரூபாய். சுமார் 82,000 அழைப்புகள் போயின. ஏறத்தாழ 28,000 பேர் சம்மதித்தார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் சுமார் 8,700 பேர். முன்பின் தெரியாத ஊரில் வாடகை, சாப்பாடு, பேருந்து எல்லாவற்றையும் 5,000க்குள் அடக்க முடியாது என்று கண்டுகொண்ட மற்றவர்களுக்குத் திறன் இல்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். கணக்கில் அவர்கள் முழுத் தேர்ச்சி.

ஜெர்மனியைக் காட்டுவது இத்துறையில் மரபு. தாராளமாகக் காட்டுங்கள், முழுதாகக் காட்டுங்கள். அங்கே ஓர் இளைஞர் முதலில் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுகிறார். நிறுவனம் அவருக்கு மாதாமாதம் ஊதியம் தருகிறது. இரண்டு முதல் மூன்றரை ஆண்டு வரை பட்டறையிலும் பள்ளியிலுமாக மாறி மாறிக் கற்கிறார். நாம் சில நூறு மணி நேரத்தில் சான்றிதழைக் கையில் கொடுத்து, போய் நிறுவனத்தைத் தேடு என்கிறோம். இத்தனைக்கும் 1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம் நம்மிடமே இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் ஆள் பலத்தில் குறைந்தது 2.5 விழுக்காடு பழகுநர்களை எடுத்தாக வேண்டும் என்கிறது அதன் விதி. அதைக் கண்டிப்போடு நடைமுறைப்படுத்தினால் தொழிலதிபர்களின் முகம் சுளிக்கும். இளைஞருக்குப் பயிற்சி கொடுத்தால் யார் முகமும் சுளிக்காது, பயிற்சி மையம் நடத்துவோர் முகம் மலரவும் செய்யும்.

அரசாங்கமே எல்லாருக்கும் வேலை தர முடியுமா என்ற பழைய கேள்வியும் வரும். முடியாதுதான். தன்னுடைய வேலைகளுக்காவது ஆள் எடுக்க முடியுமா? 2021 மார்ச் 1 நிலவரப்படி ஒன்றிய அரசில் 9.79 லட்சம் பணியிடங்கள் காலி என்று நாடாளுமன்றத்தில் சொன்னது அரசே. அதற்குப் பிறகு ‘ரோஜ்கார் மேளா’ என்ற வேலைவாய்ப்பு விழாக்களை நடத்தி நியமன ஆணைகளை வழங்கினார்கள். ஒரு காலத்தில் பதிவுத் தபாலில் வந்துகொண்டிருந்த நியமன ஆணைக்கு இப்போது மேடையும் காணொளியும் தேவைப்படுகின்றன. 2019இல் ரயில்வே அறிவித்த சுமார் 35,000 இடங்களுக்கு 1.25 கோடிப் பேர் விண்ணப்பித்தார்கள். தேர்வு முறையில் எழுந்த குழப்பத்தால் 2022 ஜனவரியில் பிகாரில் போராட்டம் ரயிலுக்கே தீ வைக்கும் அளவுக்குப் போனது. மாநில அரசுகளையும் விட்டுவைக்க வேண்டாம். 2024 குரூப் 4 தேர்வின் 6,244 இடங்களுக்கு 20 லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்த தமிழ்நாட்டில், வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஐந்தாண்டு காத்திருந்த பட்டதாரிக்கு மாத உதவித்தொகை 600 ரூபாய்.

காத்திருப்பது என்றதும் ஒரு யோசனை. ஏற்கெனவே தொழில் தெரிந்தவரைச் சோதித்துச் சான்றிதழ் தரும் பிரிவு உங்கள் திட்டத்தில் இருக்கிறது. பல ஆண்டுகளாகக் கொத்து வேலை செய்பவருக்கு, அவர் கொத்தனார்தான் என்று எழுதிக் கொடுத்து அவரையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறீர்கள். முப்பது வயது வரை தேர்வறிவிப்புக்கும், பின் ஹால் டிக்கெட்டுக்கும், அதன்பின் முடிவுக்கும், கடைசியில் வழக்கின் தீர்ப்புக்கும் காத்திருந்து பழகியவர்களுக்கும் அப்படியே சான்றிதழ் கொடுத்துவிடலாம். கூடுதல் செலவில்லாமல் அந்தப் பழைய 50 கோடி இலக்கையும் எட்டிவிடலாம்.

அது வேண்டாம் என்றால் இப்படிச் செய்யுங்கள். பயிற்சி மையத்துக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதியை, அங்கே படித்தவர் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாத வேலையில் ஓராண்டு நீடித்த பிறகு கொடுங்கள். பழகுநர் சட்டத்தை மீறும் நிறுவனங்களின் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுங்கள். காலிப் பணியிடங்களைத் துறைவாரியாக, நிரப்பப்போகும் தேதியோடு அறிவிக்கச் சொல்லிப் பிற அமைச்சகங்களை நச்சரியுங்கள். எல்லாவற்றுக்கும் முன்பாக, நான்காம் கட்டத்தில் நீங்கள் கழற்றி வைத்த அந்த எண்ணிக்கையை, எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதை, மறுபடி எடுத்து மாட்டுங்கள்.

இணைப்பு: ஏதுமில்லை. சான்றிதழ்கள் எல்லாம் உங்கள் இணையதளத்திலேயே இருக்கின்றன.