கரியாலூருக்கு டீம் அவுட்டிங்: முதலாளிமாருக்கு ஒரு கையேடு

சென்னையில் டிசைன் ஏஜென்சி நடத்துகிறீர்கள். ஆபீசில் யார் முகத்திலும் களை இல்லை. போன மாதம் இரண்டு பேர் பேப்பர் போட்டுவிட்டார்கள். சம்பளத்தை ஏற்றிப் பாருங்களேன் என்று எவராவது சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். எல்லாரையும் கல்வராயன் மலையிலுள்ள கரியாலூருக்குக் கூட்டிப் போங்கள்.

1. சனி, ஞாயிறாகப் பார்த்து வையுங்கள். ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48, அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் என்கிறது 1947-ம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டம். சுற்றுலாதான் வேலையில்லையே! வருவது அவரவர் விருப்பம் என்று அறிவியுங்கள். வராதவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மனசு உறுத்தினால், வாரம் 90 மணி நேர வேலை பற்றிப் பேசிய எல் அண்ட் டி தலைவர் சுப்ரமணியனை நினையுங்கள். ஞாயிறும் ஊழியர்களை வேலை வாங்க முடியவில்லையே என்று அவர் வருந்தியது 2025 ஜனவரியில் ஊருக்கே தெரிந்தது. உங்களுக்கு அந்த வருத்தம் இருக்காது.

2. வெள்ளி இரவே வேனைக் கிளப்புங்கள். ஒரு நாள் ரூம் வாடகை மிச்சம்.

3. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுவதற்குள் கிளையண்டுக்கு போன் போட்டு, திங்கள் காலை மூன்று ஆப்ஷன் தருவதாகச் சொல்லிவிடுங்கள். மேலே பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடையாது. கிடைக்கிற ஒரு மேட்டைக் கண்டுபிடித்து, லேப்டாப்போடு ஒரு டிசைனரை அங்கே உட்காரவையுங்கள். லோகோவை இன்னும் கொஞ்சம் பெரிசாக்க வேறு யார் இருக்கிறார்கள்? அவருக்குச் சாப்பாடு எடுத்துவைக்கச் சொல்லுங்கள். வைத்தார்களா என்று பார்க்க வேண்டாம்.

4. கரியாலூர் படகுத் துறையை வீணாக்காதீர்கள். அப்ரைசல் பேச அதைவிட நல்ல இடம் அமையாது. பாதியில் எழுந்து போக முடியாது, பாத்ரூம் சாக்கும் செல்லாது. நடு நீரில் நிறுத்தி, “மனசுல இருக்கறத சொல்லுங்கப்பா, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்” என்று ஆரம்பியுங்கள். முதல் ஐந்து நிமிடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். காத்திருங்கள். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, ராத்திரி பதினொரு மணிக்கு வரும் வாட்ஸ்அப் பற்றி மெல்லச் சொல்வாள். “நல்ல பாயிண்ட்மா” என்று சிரித்துக்கொண்டே குறித்துக்கொள்ளுங்கள். நிஜமாகவே குறித்துக்கொள்ளுங்கள், இன்கிரிமென்ட் போடும்போது கை கொடுக்கும்.

5. இரவு கேம்ப் ஃபயர். “நாம எல்லாம் ஒரே குடும்பம்” என்று பேசுங்கள்; குரல் கம்மினால் நல்லது. மருத்துவக் காப்பீட்டில் அவர்களுடைய அப்பா அம்மா ஏன் இல்லை என்று எவனாவது கேட்டால், அது வேறு குடும்பம்.

6. உள்ளூர்ப் பெரியவர்களோடு மட்டும் பேசவிடாதீர்கள். இது முக்கியம். 1976 வரை இந்த மலை ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. இங்குள்ள மலையாளிப் பழங்குடிகள் அவர்களுக்கு வரியும் கட்டி, கூலியில்லாமல் உழைக்கவும் வேண்டியிருந்தது. டீக்கடையில் ஒருவர் இந்தக் கதையை எடுத்தால், உங்கள் பையன் ஒருவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உங்களையே பார்ப்பான். இரண்டும் ஒன்றாகிவிடாது, உண்மைதான். அந்த ஜனங்களுக்குப் போக்கிடம் இருக்கவில்லை. உங்கள் ஆட்களுக்கு லிங்க்டுஇன் இருக்கிறது. உங்கள் கவலையெல்லாம் அதுதானே. டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு வேனை எடுக்கச் சொல்லுங்கள்.

7. திங்கள் காலை ஒன்பதரை மணிக்கு எல்லாரும் சீட்டில் இருக்க வேண்டும். தாமதமானால் அரை நாள் லீவு.

8. படகில் எடுத்த போட்டோவை ஆளெடுப்பு விளம்பரத்தில் போடுங்கள். அதில் சிரிக்கிறவர்களில் யாராவது பேப்பர் போட்டால் பதறாதீர்கள். நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம் இருக்கிறது. படத்திலிருந்து அவரை அழிக்கும் வேலையை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.