மலைமுன் நடுக்கம்: நெய்தல் நிலத்தார் சைக்கிளில் குறிஞ்சி புகுமுன் கொள்ளும் கலக்கம் பற்றி ஓர் ஆய்வு

தமிழில் அச்சத்தை முறையாக வகுத்தவர் தொல்காப்பியர். மெய்ப்பாடுகள் எட்டில் ஒன்றாக அதை வைத்து, அது பிறக்கும் இடம் நான்கு என்றும் வரையறுத்துவிட்டார். தெய்வம் பேய் முதலியவை, கொடிய விலங்கு, திருடர், அரசன். இந்தப் பட்டியலில் மேடு இல்லை. மணாலியிலிருந்து லே வரை சைக்கிள் மிதிக்கப் பணம் கட்டிவிட்ட ஒருவருக்கு, நடுராத்திரியில் விழிப்புக் கண்டு, "நம்ம உடம்பு தாங்குமா?" என்று வயிற்றைக் கலக்குகிறதே, அந்தக் கலக்கத்தை இளம்பூரணரும் கவனிக்கவில்லை, பேராசிரியரும் கவனிக்கவில்லை. உரையாசிரியர்கள் விட்ட இடத்தை நிரப்புவது பின்வந்தவர் கடமை என்பதால் இக்கட்டுரை எழுந்தது. இக்கலக்கத்துக்கு 'மலைமுன் நடுக்கம்' என்று பெயரிடுகிறோம். ஆட்சேபம் உள்ளவர்கள் வேறு பெயர் வைத்துக்கொள்ளலாம். நடுக்கம் குறையாது.

முதலில் களத்தை வரையறுப்போம். மணாலி கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,050 மீட்டர். லே 3,500 மீட்டர். பழைய சாலைவழியே இடையிலுள்ள தூரம் சுமார் 475 கிலோமீட்டர். ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் ஏறவா எட்டுப் பத்து நாள் என்று கேட்கத் தோன்றும். சாலை அப்படி நேர்மையாக ஏறுவதில்லை. 3,978 மீட்டர் ரோத்தாங் கணவாயில் ஏற்றிவிட்டு இறக்குகிறது. ஏறத்தாழ 4,900 மீட்டர் பாரலாச்சாலாவில் ஏற்றிவிட்டு இறக்குகிறது. பிறகு நக்கீலா, லாச்சுலுங்லா, கடைசியாக 5,328 மீட்டர் டங்லங்லா. பாடுபட்டுச் சம்பாதித்த உயரத்தை ஒவ்வொரு முறையும் பறிகொடுத்துவிட்டு, அடுத்த மலையில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டுக் கடன் கட்டுபவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல.

ஆய்வுக்குரிய உயிரி சென்னைவாசி. வயது நாற்பதை ஒட்டியது. ஆண் பெண் பேதமில்லை. சென்னைக்கு இயற்கை தந்த உச்சி பரங்கிமலை. உயரம் சுமார் 300 அடி. அதற்குமேல் ஏற ஆசைப்பட்டால் அரசாங்கம் கட்டிய மேம்பாலங்களைத்தான் நம்ப வேண்டும். ஆகவே, விடியுமுன் கத்திப்பாரா மேம்பாலத்தில் ஒருவர் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஏறி, இறங்கி, திரும்பி மறுபடி ஏறுவதைக் கண்டால் வழி தவறியவர் என்று எண்ணிப் பரிதாபப்படாதீர்கள். அவர் இமயத்துக்குத் தயாராகிறார். முட்டுக்காடு பாலமும் இவ்வகையில் ஒரு சிகரமாகவே கருதப்படுகிறது. அங்கே எதிர்க்காற்று இலவசம்.

இங்கே திணைக் கோட்பாடு பெரிதும் உதவுகிறது. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். கடற்கரையில் உட்கார்ந்து, வராததை நினைத்துப் புலம்புவது. சென்னை சைக்கிள்காரர் ஈசிஆர் டீக்கடையில் அமர்ந்து, வராத உடல்தகுதியை நினைத்துப் புலம்புவது இந்த மரபின் நேர்த்தொடர்ச்சி. குறிஞ்சிக்கு உரியது கூடல். ஆனால் மலையில் எதனோடு கூடுவது? ஆக்சிஜனோடு கூட முடிந்தாலே போதும் என்பதுதான் அனுபவஸ்தர் வாக்கு.

இனி முன்னோர் வரலாறு. மலைச் சைக்கிள் என்ற வண்டி பிறந்தது 1970-களில், கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில். சார்லி கெல்லி, கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் முதலிய இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து, டமல்பைஸ் மலைப் பக்கத்து மண்பாதைகளில் உருட்டிவிட்டார்கள். 1976 அக்டோபரில் ஒரு பந்தயமே தொடங்கியது. அதன் பெயர் ரீபேக். அந்தச் சைக்கிள்களில் இருந்தது, பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பழைய பாணி பிரேக். மேலிருந்து கீழே வந்து சேருவதற்குள் அதிலிருந்த கிரீஸ் வெந்து ஆவியாகிவிடும், மறுபடி புதிதாக அடைக்க வேண்டும். பெயர் வந்த காரணம் அதுதான். இதில் நம் ஆய்வுக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தப் பந்தயம் முழுக்க முழுக்க இறக்கம். சைக்கிள்களைப் பிக்கப் வண்டியில் ஏற்றி மேலே கொண்டுபோனதும் உண்டு. ஆக, மலைச் சைக்கிளைத் தோற்றுவித்தவர்கள் பிரேக்குக்கு அஞ்சினார்கள். நுரையீரலைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மூல நூலில் இல்லாத இந்தக் கவலையைப் பின்வந்தவர்கள் இடைச்செருகலாகச் சேர்த்திருக்கிறார்கள்.

இடைச்செருகல் எப்படி வளர்கிறது என்பதைக் கவனித்தால் ஒரு விதி கிடைக்கிறது: நடுக்கத்தின் அளவு, புறப்பட மீதமுள்ள நாட்களுக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். ஆறு மாதம் இருக்கும்போது நடுக்கம் பூஜ்யம். அப்போது உடல்தகுதியும் பூஜ்யம் என்பதை ஆய்வுக்குரியவர் கவனிப்பதில்லை. நண்பர்களுக்கு டங்லங்லாவின் படங்களை அனுப்பிக்கொண்டிருப்பார். மூன்று மாதம் இருக்கும்போது புதிய ஹெல்மெட் வாங்குவார். ஒரு மாதத்தில் முதல் கலக்கம் எட்டிப் பார்க்கும். கடைசி இரண்டு வாரத்தில் அது விசுவரூபம் எடுக்கும்.

இயற்கையின் குரூரம் இங்கேதான். ஒரு கடினமான பயிற்சியின் பலன் உடம்பில் சேர ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். அதனால் கடைசி இரண்டு வாரத்தில் செய்யும் வீரச்செயல்கள் களைப்பைத்தான் கூட்டும். லோரான் போஸ்கே என்ற ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் 2007-இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொன்னதும் இதுதான்: பந்தயத்துக்கு முந்தைய இரண்டு வாரம், பயிற்சியின் தீவிரத்தைக் குறைக்காமல் அளவை மட்டும் பாதியை ஒட்டிக் குறைத்தால் ஆட்டம் நன்றாக இருக்கும். ஓய்வெடுக்கும்போதுதான் உடம்பு தேறுகிறது. உடம்பு தேறும் அதே நாட்களில், சும்மா இருக்கும் மனம் கெடுகிறது. நடுக்கம் உச்சம் தொடும் நேரமும் உடல்தகுதி உச்சம் தொடும் நேரமும் ஒன்றேயாதலால், நடுக்கத்தை உடல்தகுதியின் அளவுகோலாகவே கொள்ளலாம் என்று ஒரு கட்சி வாதிடுகிறது. விடிய விடியத் தூங்காதவரே முதலில் கணவாய் ஏறுவார் என்று அது முடிக்கும். இந்த ஆய்வாளர் அந்த அளவுக்குப் போகத் துணியவில்லை.

ஓய்வெடுக்கச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? கடைசி ஞாயிற்றுக்கிழமை ஏலகிரிக்கு ஓடுவார்கள். அங்கே பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் சூட்டியிருக்கிறார்கள். ஒரே நாளில் மூன்று தடவை ஏறிப் பார்த்துவிடுவது என்று கிளம்பியவர், வள்ளல்களின் வளைவுகளில் தம் முழங்காலைக் கொடையளித்துவிட்டு வேனில் திரும்புவார்.

போகாதவர்கள் கணக்குப் போடுவார்கள். கைக்கடிகாரம் இதயத்துடிப்பைச் சொல்கிறது; 220-லிருந்து வயதைக் கழித்தால் இதயத்தின் உச்சத் துடிப்பு என்ற வாய்ப்பாடு எல்லாருக்கும் மனப்பாடம். அதன் பூர்வீகம் சுவாரசியமானது. 1970-ஐ ஒட்டி சாமுவேல் ஃபாக்ஸ், வில்லியம் ஹாஸ்கல் என்ற இரு அமெரிக்கர்கள், கையில் கிடைத்த சில ஆய்வுகளின் புள்ளிகளுக்குக் குறுக்கே கண்ணளவாக ஒரு கோடு இழுத்தார்கள். அந்தக் கோடுதான் இது. தனிமனிதருக்கு இது பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடக் குறைய இருக்கலாம். அரை நூற்றாண்டுக்குப் பின், தாம்பரத்தில் ஒருவர் அந்தக் கோட்டை வைத்துத் தம் ஆயுளைக் கணித்துக்கொண்டிருக்கிறார்.

கணக்கு கைவிட்டால் கிராம். நடுக்கத்தின் மிக அடர்ந்த வடிவம் இதுவே. இரவு பத்தரைக்கு, சமையலறை மேடையில் சின்ன மின்தராசு. அதன்மேல் தண்ணீர் பாட்டில் மாட்டும் கூண்டு. பக்கத்தில் கடையிலிருந்து அன்றே வந்த இன்னொரு கூண்டு, கார்பன் ஃபைபர், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"ஏங்க, அது கேக் மாவு நிறுக்கற தராசு."

"இருபத்திரெண்டு கிராம் குறையுதும்மா."

மனைவி சைக்கிள்காரரின் வயிற்றுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு விளக்கை அணைக்காமல் போய்விடுவார். அறிவுலகம் இதுவரை முன்வைத்த விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையானது கிடைக்கவில்லை.

அடுத்த சான்று வாய்மொழி. மூத்த சைக்கிள்காரர்களிடம் அபிப்பிராயம் கேட்பது இந்நோயின் இன்னொரு குணம்.

"அண்ணா, என்னால முடியுமா?"

"கொல்லிமலை ஏறியிருக்கியா?"

"ரெண்டு தடவைண்ணா."

"அப்ப முடியும். தண்ணி மட்டும் நிறையக் குடி."

கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எனவே பதில் ஆதாரத்தோடு கூடியது என்று முதலில் தோன்றும். ஆனால் அதே டீக்கடை பெஞ்சில், அடுத்து உட்கார்ந்த தம்பி, "நான் ஏறினதே இல்லைண்ணா" என்றபோதும் வந்த பதில், "அப்ப முடியும். தண்ணி மட்டும் நிறையக் குடி." சான்று எதுவானாலும் தீர்ப்பு மாறாத இந்த நியாயசபைக்குத்தான் வாரந்தோறும் மேல்முறையீடுகள் குவிகின்றன.

இப்போது மலையின் பக்கத்தையும் கேட்போம். அந்தச் சாலை ராணுவ லாரிகள் ஏறுவதற்காகப் போட்டது. அதனால் சரிவு பெரும்பாலும் மிதமானது. பேர்போன கட்டா லூப்ஸ் என்பது இருபத்தோரு வளைவு; செங்குத்து என்ற கணக்கில் நம்மூர் கல்லட்டிச் சாலை அதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். வண்டியோ இன்னும் கருணையுள்ளது. முன்னால் 22 பல், பின்னால் 34 பல் என்று கடைசி கியரில் போட்டால், ஒரு முழு மிதிக்குச் சக்கரம் முக்கால் சுற்றுகூடச் சுற்றாது. வண்டி நகர்வது 1.3 மீட்டர். நிமிடத்துக்கு அறுபது மிதி என்றால் மணிக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர். இது மனிதன் நடக்கும் வேகம். அதாவது, ஒரு மாதம் கலங்கிக் கலங்கித் தயாரானது, காய்கறி வாங்கப் போகும் வேகத்தில் போவதற்காக. அதுவும் முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம். கௌரவம் தவிர வேறெதற்கும் சேதமில்லை.

அப்படியானால் அங்கே கஷ்டம் எது? காற்று. டங்லங்லா உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்று வரும் மலைநோய்க்குப் பலரும் அறியாத ஒரு பண்பு உண்டு: அது உடல்தகுதியைப் பார்த்து வருவதில்லை. மாரத்தான் ஓடுபவரையும் படுக்க வைக்கும், தொப்பைக்காரரையும் விட்டுவிடும். அது முக்கியமாகப் பார்ப்பது எவ்வளவு வேகமாக மேலே வந்தாய் என்பதை. 3,000 மீட்டருக்கு மேல் போனால், படுக்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு நாள் தங்கு என்பது மருத்துவர்கள் விதி. ஜிஸ்பாவில் படுத்தவர் மறுநாளே ஜிங்ஜிங்பாரில் படுத்தால் ஒரே தாவலில் ஆயிரம் மீட்டர். உடம்பில் தெம்பிருப்பவர்தான் இந்தத் தவற்றைச் செய்வார். தெம்பில்லாதவர் வழியில் பட்சியோவிலேயே படுத்துவிடுவார், பிழைத்துக்கொள்வார்.

எனவே மலை கேட்பது நுரையீரலை அல்ல, நாட்களை. கூடுதலாக இரண்டு நாள். அந்த இரண்டு நாளை யார் தருவார்? இங்கேதான் தொல்காப்பியரிடம் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. அவர் சொன்ன நான்கும் இந்தப் பயணத்தில் அப்படியே இருக்கின்றன. கட்டா லூப்ஸில் லாரி கிளீனர் ஒருவரின் பேய் தண்ணீர் கேட்கிறது என்று நம்பி, வழிப்போக்கர்கள் பாட்டில்களைக் குவித்துவிட்டுப் போகிறார்கள், அது பேய். அதிகாலை ஈசிஆரில் கெண்டைக்காலைக் குறிவைக்கும் தெருநாய்கள், அது விலங்கு. மாடிப்படிக்கடியில் மூன்று பூட்டுப் போட்டு வண்டியை வைப்பது திருடருக்காக. அரசன்? "ஏற்கெனவே பத்து நாள் லீவு சொல்லியிருக்கீங்க" என்று கணினியிலிருந்து தலை நிமிராமல் சொல்லும் மேலதிகாரி. அவரிடம் இன்னும் இரண்டு நாள் கேட்கத்தான் உண்மையில் உள்ளம் நடுங்குகிறது. அந்த நடுக்கத்தை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் முழங்கால்மேல் பழிபோடுகிறோம். மேடு தொல்காப்பியத்தில் விடுபடவில்லை. அது தேவைப்படவில்லை.

ஆகவே, புறப்பட இரண்டு வாரம்கூட இல்லாத வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏலகிரிக்கு ஓடாதீர்கள். தராசை அலமாரியில் வையுங்கள். நாளைக் காலையே மேலதிகாரியைப் பார்த்து இரண்டு நாள் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். சாயங்காலம் வந்து பின் சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேடைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டு, இன்னொரு ஜோடியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பாரலாச்சாலாவிலிருந்து இறங்கும் வழியில் சைக்கிள் கடை கிடையாது.