கேபிள் ஆட்டுபவர்

ஒரு கணினிக்கு இரண்டு மானிட்டர் என்ற வசதி வந்துவிட்ட எந்த அலுவலகத்திலும் கேபிள் ஆட்டுபவர் ஒருவர் இருப்பார். இதற்கென்று அவருக்கு நியமன உத்தரவு கிடையாது, படியும் கிடையாது. பெரும்பாலும் கணக்குப் பிரிவிலோ கொள்முதலிலோ வேலை பார்ப்பவர். இருந்தாலும் வலதுபக்கத் திரை நடுங்கத் தொடங்கினால் முதல் அழைப்பு அவருக்குத்தான். ஐ.டி. பிரிவுக்குப் புகார் எழுதினால் எண் உடனே வரும், ஆள் வரமாட்டார்.

சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு டெஸ்டர், பேன்ட் முட்டியில் தூசி. இந்த இரண்டு அடையாளங்கள் போதும். வந்ததும் “ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?” என்பார். “பண்ணிட்டேன் சார்” என்று பதில் வரும். நம்பாமல் அவரே ஒருமுறை செய்வார். அடுத்து, “எதையாவது மாத்தினீங்களா?” “நான் எதையும் தொடவே இல்ல சார்!” இதையும் நம்பாமல் மேசைக்கடியில் போய்விடுவார். அங்கே கணினியின் ஸ்பைக் பஸ்டரில் செல்போன் சார்ஜர், குட்டி மின்விசிறி, பிள்ளையார் படத்துச் சீரியல் விளக்கு எல்லாம் குடியிருக்கும். இடமில்லாமல் வெளியேற்றப்பட்ட மானிட்டர் பிளக் எதிர்ச்சுவர் பாயின்ட்டில் இருக்கும்.

இவருடைய பொற்காலம் விஜிஏ காலம். 1987இல் ஐ.பி.எம். கொண்டுவந்த அந்த 15 ஊசி இணைப்பானுக்கு இருபுறமும் திருகு உண்டு. அதை யாரும் முறுக்குவதில்லை என்பதே இவருடைய செல்வாக்குக்கு அடிப்படை. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அதில் தனித்தனி ஊசி வழியே வரும். நீல ஊசி தொடர்பு விட்டால் வெள்ளைத் திரை மஞ்சளாகும், சிவப்பு விட்டால் வெளிர்நீலமாகும். மஞ்சள் திரையைத் தூரத்திலிருந்தே பார்த்து “நீலம் போச்சு” என்று சொல்லி, கேபிளை ஓர் ஆட்டு ஆட்டி நிறத்தை வரவழைப்பார். பார்த்தவர்கள் வாயடைத்துப் போவார்கள். இரண்டு மானிட்டரும் வேறுவேறு பாயின்ட்டில் இருந்து, அந்தப் பாயின்ட்டுகளின் எர்த் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால், கேபிளின் உறை வழியாக மின்னோட்டம் கசிந்து திரையில் மங்கலான பட்டைகள் ஊரும். எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பஸ்டருக்கு மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். பிள்ளையார் விளக்கை எதிர்ச்சுவருக்கு அனுப்ப வேண்டியதுதான். அதைச் சொல்லும் துணிச்சல் மட்டும் அவருக்கு வராது.

பழைய குழாய்த் திரைகள் இரண்டை ஒட்டி வைத்தால் ஒன்றின் காந்தப்புலம் மற்றதன் படத்தை இழுத்துத் தள்ளாட வைக்கும். ஒரு முழம் தள்ளி வைத்தாலே தீரும் இந்த நோய்க்கு அவர் அரைமணி நேரம் எடுத்துக்கொள்வார்.

எச்டிஎம்ஐ வந்தபின் ஆட்டுவதன் பலன் குறைந்துபோனது. இலக்கமுறைச் சமிக்ஞையில் நிறம் மங்குவது, நிழல் விழுவது கிடையாது; படம் சுத்தமாக வரும், அல்லது வெள்ளைப் புள்ளிகள் தெறித்து அப்படியே இருண்டுவிடும். 4கே படத்தை நொடிக்கு 60 முறை முழு நிறத்தில் புதுப்பிக்க, 18 ஜிகாபிட் தாங்கும் கேபிள் வேண்டும். இவர் மாட்டுவது 10.2 ஜிகாபிட் காலத்துக் கேபிள். செட்டிங்ஸில் 60 ஹெர்ட்ஸை 30 ஆக்குவார், நடுக்கம் நிற்கும். சுட்டி அம்பு தயங்கித் தயங்கி நகரும். கேட்டால், “கண்ணுக்கு அதுதான் மேடம் நல்லது” என்பார்.

கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க ஒரு நேர்மையான வழி இருக்கிறது. இரண்டு கேபிளையும் மானிட்டர் முனையில் மட்டும் இடம் மாற்ற வேண்டும். நடுக்கம் அதே மானிட்டரில் தங்கினால் குற்றம் மானிட்டரிலோ அதன் மின்சாரத்திலோ. கேபிளோடு அடுத்த மானிட்டருக்குப் போனால் கேபிளிலோ கணினியின் போர்ட்டிலோ. இதை மற்ற எவரையும்விட நன்றாக அறிந்தவர் அவர். ஆனால் ஒவ்வொன்றாக மாற்றும் பொறுமை அவர் ஜாதகத்தில் இல்லை. கேபிள், போர்ட், பிளக், டிரைவர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுவார். திரை சரியாகிவிடும், எதனால் என்று யாருக்கும் தெரியாது. கோளாறு பத்து நாளில் திரும்பும், அவரும் திரும்புவார்.

அவரையே திணறடிக்கும் வழக்கு ஒன்றுதான். பக்கத்து மேசைக்காரர் நாற்காலியிலிருந்து எழும்போதெல்லாம் புகார் சொன்னவரின் திரை இரண்டு நொடி அணைந்து திரும்பும். கேட்பவர்கள் சிரிப்பார்கள், சங்கதி உண்மை. உயரம் ஏற்றி இறக்க வாயு உருளை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் நிலைமின்சாரம் சேர்ந்து பொறியாக வெளியேறும். அந்தச் சிறு துடிப்பை உறை சரியில்லாத கேபிள் ஆன்டெனா வேலை பார்த்துப் பிடித்துக்கொள்ளும். ஐ.டி. பிரிவு “டிரைவர் அப்டேட் செய்யப்பட்டது” என்று புகாரை முடித்துவைக்கும். நம்மவர் பக்கத்து மேசைக்காரரைப் பலமுறை உட்கார்ந்து எழச் சொல்லி, அவர் முட்டிவலியைச் சாட்சிக்கு இழுத்து, நாற்காலிதான் குற்றவாளி என்று நிரூபித்துவிடுவார்.

நல்ல உறையும், முனையில் ஃபெரைட் உருண்டையும் கொண்ட கேபிள் மாட்டினால் பெரும்பாலும் இந்தத் தொல்லை போகும். மாட்டுவார், போகும். கழற்றிய பழைய கேபிளைக் குப்பையில் போட அவருக்கு மனம் வராது. சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு, தன் மேசை இழுப்பறையில் வைப்பார். அடுத்த மாதம் மூன்றாம் மாடியில் யாருக்காவது இரண்டாவது மானிட்டர் வந்து கேபிள் இல்லையென்றால், “என்கிட்ட ஒண்ணு இருக்கு” என்று எடுத்துக்கொண்டு கிளம்புவார்.