என் லாரிக்கும் ஒரு எஃப்.சி. வேண்டி

அனுப்புநர்: ஒன்றரை அடி நீள லாரியின் உரிமையாளர்.

பெறுநர்: மோட்டார் வாகன ஆய்வாளர் அவர்கள், வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் (ஊர் பெயர் போடவில்லை, எந்த ஊருக்கும் பொருந்தும்).

பொருள்: ரேடியோ கண்ட்ரோல் லாரி – டிஃபரன்ஷியல் மூன்று – தகுதிச் சான்று கோருதல் – தொடர்பாக.

பார்வை: மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவுகள் 2(28) மற்றும் 56.

ஐயா,

நான்கு சக்கரத்துக்குக் குறைவாக இருந்து, எஞ்சினும் 25 சி.சி.க்கு மேற்படாமல் இருந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல என்கிறது பிரிவு 2(28). என் வண்டியில் எஞ்சினே கிடையாது, பேட்டரி மோட்டார்தான். ஆனால் சக்கரம் நான்கு. அடைப்புக்குள் மட்டும் ஓடுவதற்கென்றே செய்த வண்டிக்கும் விலக்கு உண்டு. என் வண்டியோ காம்பவுண்டு சுவரைத் தாண்டிக் குதிக்கும். தப்பிக்க வழியில்லாததால் சட்டத்துக்கு அடங்கி எஃப்.சி. கேட்டு வந்திருக்கிறேன்.

வண்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று தாங்கள் கேட்க மாட்டீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என மூன்று டிஃபரன்ஷியல். வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைவாக ஓட வேண்டும். இரண்டையும் சண்டையில்லாமல் ஓட வைக்க, 1827-ல் ஒனெசிஃபோர் பெக்கூர் என்ற பிரெஞ்சுக்காரர் நீராவி வண்டிக்காகக் கண்ட ஏற்பாடு இது. தங்களிடம் வரும் பெரிய லாரிகளின் ஹவுசிங்கில் இருப்பதும் இதேதான்.

அவற்றில் 90 நம்பர் கியர் ஆயில். என் வண்டியில் சிலிக்கான் ஆயில்: முன்னால் 7,000, நடுவில் 10,000, பின்னால் 5,000 சென்டிஸ்டோக். தண்ணீரின் கணக்கு ஏறக்குறைய 1 தான். இவ்வளவு கெட்டி எதற்கென்றால், டிஃபரன்ஷியலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எந்தச் சக்கரம் தரையைத் தொடாமல் தொங்குகிறதோ, சுழற்சியை எல்லாம் அதற்கே கொடுத்துவிடும். பாரம் தாங்கும் சக்கரம் சும்மா நிற்கும். தங்கள் அலுவலகத்தில் புரோக்கர் கொண்டுவந்த ஃபைல் ஓட, வரிசையில் நிற்பவனின் ஃபைல் நிற்கிறதே, அதுபோல. கெட்டி ஆயில் ஊற்றினால் இந்தக் குணம் மட்டுப்படும். அலுவலகங்களுக்கான நம்பர் இன்னும் கடைக்கு வரவில்லை.

பராமரிப்பு விவரம்: வண்டியைத் தூக்கிப் பிடித்து ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுவேன். எதிர்ச்சக்கரம் மறுதிசையில் வழுவழுவென்று சுற்ற வேண்டும். நறநறத்தால் அன்றைக்கே பிரித்துவிடுவேன். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி மூடியை எடுத்தால், கறுத்துப்போன ஆயிலில் வெள்ளித்தூள் மினுங்கும். அது பல் தேய்ந்த பொடி. கழுவித் துடைத்து, ஓ-ரிங்கை மாற்றி, குறுக்குப் பின் மூழ்கும் அளவுக்கு மட்டும் புது ஆயில் ஊற்றுவேன். ததும்ப ஊற்றினால் சூட்டில் விரிந்து சீலைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். காற்றுக்குமிழி மேலே வந்து உடையும்வரை காத்திருக்க வேண்டும். அதைச் சீக்கிரம் உடைக்க யாருக்கும் எதுவும் கொடுக்க முடியாது. கடைசியில், கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே மயிரிழை விலகல் இருக்கும்படி 0.1 மி.மீ. ஷிம் வாஷர். இறுகினால் சூடேறும், தளர்ந்தால் பல் போகும்.

சென்ற முறை மச்சானின் லாரியோடு தங்கள் மைதானத்துக்கு வந்திருந்தேன். எட்டு வருடம் தாண்டிய வண்டி, ஆகவே வருடாவருடம் எஃப்.சி. காயாத பெயிண்டை விரலால் தொட்டுப் பார்த்தீர்கள். ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தீர்கள். பக்கத்து லாரியில் இரவல் வாங்கிய முதலுதவிப் பெட்டியைத் திறக்கச் சொன்னீர்கள். பின்சக்கரத்தில் ஹப் சீல் போய், ஹவுசிங் ஆயில் டிரம்முக்குள் இறங்கி, பிரேக் லைனிங் ஊறிக்கொண்டிருந்தது. டிரம் ஓரத்தில் வழிந்த கறுப்பைக் காட்ட நான் விரலை நீட்டினேன். மச்சான் என் காலை மிதித்தார். தாங்கள், “கதவுல எழுத்து சின்னதா இருக்கு, பெருசா எழுதிட்டு வா” என்றீர்கள். எழுத்து பெரிதானது. எஃப்.சி. வந்தது. ஆயில் வழிந்துகொண்டே வீடு வந்து சேர்ந்தோம்.

என் லாரியில் சீல் போனால் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். மச்சான் லாரியில் போனால் முன்னால் பைக்கில் போகிறவன் போவான். தாங்கள் சோதிக்கும் லாரியைவிடத் தாங்கள் சோதிக்காத பொம்மைக்கு ஒழுங்கான சீல் இருக்கிறது என்பதைத்தான் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் வண்டியில் பெயிண்ட் உரிந்திருக்கிறது, பாடி விரிசல் விட்டிருக்கிறது, பின்னால் ‘சவுண்ட் ஹார்ன்’ எழுத இடமும் இல்லை. இதற்காகத் தள்ளுபடி செய்வதானால் காரணத்தை எழுத்தில் தரவும்: “டிஃபரன்ஷியல் நன்று, பெயிண்ட் மோசம்.” சான்று கொடுப்பதானால், கொடுக்கும் முன் ஒரு மூடியையாவது கழற்றிப் பார்க்கவும். ஸ்க்ரூ டிரைவர் நானே கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லாரி உரிமையாளர்.

இணைப்பு:
1. பழைய ஆயில், வெள்ளித்தூளுடன், ஒரு குப்பி.
2. மாற்றிய ஓ-ரிங், ஒன்று.
3. கட்டணம், ரசீதில் எழுதும் தொகை மட்டும்.