ஒரு திறப்பும் ஊர்ப்பட்ட பூட்டும்

பார்சலோனா

அன்புள்ள மச்சான்,

இங்கிலீசு தெரிஞ்சா ஸ்பானிஷ் தன்பாட்டில வந்திரும் எண்டு ஏஜென்சிக்காரன் உன்ட தம்பிக்குச் சொன்னானாம். ‘கீ’ எண்ட ஒரு சொல்லை மட்டும் ஸ்பானிஷில மாத்திப் பார்த்திட்டு அவனை விமானம் ஏறச் சொல்லு.

கதவு திறக்கிறது ‘யாவே’. கம்பியூட்டர்ல தட்டுறது ‘தெக்லா’, தெக்லா எல்லாம் சேர்ந்தா ‘தெக்லாதோ’. ரகசிய எண், துப்பறியும் கதையில மர்மத்தை அவிழ்க்கிற குறிப்பு, சங்கீதத்தில சுரத்துக்கு முன்னால போடுற குறி, இவ்வளவும் ‘கிளாவே’. திறப்புக் கொழுவுற வளையம் ‘யாவேரோ’. திறப்பு நுழையிற ஓட்டைக்குப் ‘பூட்டின் கண்’ எண்டு பேர். அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் ‘யாவே இங்கிலேசா’, அதாவது இங்கிலீசுத் திறப்பு! தண்ணியை அடைக்கிற வால்வும் ‘யாவே தெ பாசோ’. ஹோட்டல்ல என்ட தொழில் என்னெண்டு அம்மா கேட்டா, ஒரு யாவேயால இன்னொரு யாவேயைத் திருகிறது எண்டு சொல்லு.

போன கிழமை ஒரு வெள்ளைக்காரர் நீச்சல் தடாகத்தில இருந்து துவாயோட வந்து நிண்டார். அறைத் திறப்பு உள்ள மாட்டிப்போச்சு. போனைப் பார்த்து, ‘கிளாவே, கிளாவே’ எண்டு கெஞ்சினார். கவுண்டர்ப் பிள்ளை சிரிச்சுக்கொண்டு வைஃபை பாஸ்வேர்டை எழுதிக் குடுத்தா. மனிசன் அந்தத் துண்டைக் கொண்டுபோய்க் கதவுக்கு முன்னால நிண்ட கோலம் இருக்கே!

ஆனா இங்கிலீசுக்காரரும் லேசுப்பட்ட ஆக்கள் இல்ல. புளோரிடாவில ‘கீ வெஸ்ட்’ எண்டு ஒரு தீவு. அந்தப் பேரில திறப்பும் இல்ல, மேற்கும் இல்ல. ஸ்பெயின்காரர் வெச்ச பேர் ‘காயோ உவேசோ’, எலும்புத் தீவு. இவங்கட காதில காயோ ‘கீ’ ஆச்சு, உவேசோ ‘வெஸ்ட்’ ஆச்சு. மட்டக்களப்பு ‘பட்டிக்கலோ’ ஆன கதைதான். வாவிக்க கிடக்கிற புளியந்தீவு தப்பினது பெரிய காரியம்.

தம்பி ஒரேயடியாப் பயப்படவும் வேணாம். போர்த்துக்கேயர் 1628இல எங்கட மட்டக்களப்புக் கோட்டையைக் கட்டி, 1638இல ஒல்லாந்தரிட்டப் பறிகுடுத்தாங்க. அவங்கட சொல்லுகள் போகல்ல. குசினி, மேசை, துவாய், சப்பாத்து, பாண் எல்லாம் கொஞ்சம் நாக்கைச் சுழட்டினா ஸ்பானிஷ். யாவேக்குப் போர்த்துக்கேயத்தில ‘ஷாவே’. ரெண்டும் ஒரே லத்தீன் தாய்க்குப் பிறந்த பிள்ளைகள். ஆனா பகிடியைப் பார், தமிழ்நாட்டுக்காரன் அதைச் ‘சாவி’ எண்டு வெச்சிருக்கான். போர்த்துக்கேயர்ட கோட்டைக்குப் பக்கத்தில பிறந்த நாங்க சுத்தத் தமிழ்ல ‘திறப்பு’ எண்டுறம்!

மட்டக்களப்பு டச்பார் பக்கம் போனா, போர்த்துக்கேய வழி வந்த பறங்கி ஐயா ஆரிட்டயும் கேள், அவங்கட வீட்டுப் போர்த்துக்கேயத்தில திறப்புக்கும் ஸ்பேனருக்கும் என்ன சொல்லுறாங்க எண்டு. தச்சும் இரும்பு வேலையும் தலைமுறை தலைமுறையாச் செய்த சனம், சொல்லு கட்டாயம் இருக்கும். பொடியன்மாரிட்டக் கேட்டு வேலையில்ல, அவங்க எங்களை மாதிரித் தமிழ்தான் கதைக்கிறாங்க. வயசான ஆக்களிட்டயே கேட்டு, மறக்காம எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
உன் மச்சான்